ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கலாமா?

கோயம்பேட்டில் தக்காளி வாங்கும்போது கிலோவுக்கு 5 ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்கிறார்கள். அதே ஆட்கள் பல லட்சம் போட்டுக் கார் வாங்கப் போனால், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்!

காரணம் என்ன? தக்காளிக்கு ஒரே விலைதான். காருக்கு இரண்டு விலை. விளம்பரத்தில் வருவது ஷோரூம் விலை. பையில் இருந்து போவது "ஆன் ரோடு" விலை. இரண்டுக்கும் நடுவில்தான் வேட்டை நடக்கிறது.

ஒரு குடும்பம் 8 லட்ச ரூபாய் காரைப் பார்க்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. குளிர். கையில் காபி. "எவ்வளவு குறைப்பீங்க, தம்பி?" என்கிறார் வீட்டுக்காரர். விற்பனைப் பையன் உள்ளே போகிறான். ஐந்து நிமிடம் கழித்து ஓடி வருகிறான்.

"மேனேஜர்கிட்ட சண்டை போட்டு 20 ஆயிரம் வாங்கிட்டேன் சார். வெளியே யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!"

வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். வீட்டம்மா மட்டும், "அந்தக் கொட்டேஷனைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிப் படிக்கிறார். ஹேண்ட்லிங் சார்ஜ், சீட் கவர், மேட், பாலீஷ், கூடுதல் வாரண்டி, இன்சூரன்ஸ் என்று வரிசையாக நிற்கிறது. "இதையெல்லாம் யாரு கேட்டா?" என்கிறார். பையன் தலையைச் சொறிகிறான். கொடுத்த 20 ஆயிரம் அந்த வரிகளுக்குள்ளேயே வந்த வழி திரும்பிவிட்டது!

அரசுக்கு எது? டீலருக்கு எது?

இதைத் தெரிந்துகொண்டால் பாதி பேரம் முடிந்தது.

சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். அது ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். தமிழ்நாட்டில் சாலை வரி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம். இவை அரசுக்குப் போகிற பணம். இதில் பேரம் கிடையாது.

இன்சூரன்ஸ் கதை வேறு. அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கான பாலிசியைப் புதுக் காருக்கு 3 ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் இது கட்டாயம். ஆனால் சொந்தக் காரின் சேதத்துக்கான பாலிசியை ஓராண்டுக்கு எடுத்தால் போதும். பிடித்த கம்பெனியில் எடுக்கலாம். "எங்ககிட்டதான் எடுக்கணும்" என்று கட்டாயப்படுத்த டீலருக்கு உரிமை இல்லை. ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்றைத் தருவேன் என்று சொல்வதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கவில்லை.

ஹேண்ட்லிங் சார்ஜ்? அது அரசு விதித்த கட்டணம் இல்லை. எக்ஸ்ட்ரா பிட்டிங்குகளும் அப்படித்தான். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

"லோன்லயே சேர்த்துடலாம் சார், தெரியவே தெரியாது" என்பார்கள். தெரியாமல் என்ன? 50 ஆயிரம் ரூபாய் பிட்டிங்கை 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுத் தவணையில் சேர்த்தால், கட்டி முடிக்கும்போது 62 ஆயிரத்தைத் தாண்டிவிடும். சீட் கவர் கிழிந்த பிறகும் தவணை போய்க்கொண்டு இருக்கும்!

இன்னொன்று. ஜனவரியில் வாங்குகிறவர், கார் எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது என்று கேட்க வேண்டும். போன ஆண்டு வண்டி என்றால், ஆர்.சி.யில் அந்த ஆண்டுதான் ஏறும். பிறகு விற்கப் போனால் ஒரு வயது கூடுதல். அதற்குத் தக்கபடி விலையை இறக்கித்தான் கேட்க வேண்டும்.

பையன் மேல் பாய்ந்து பயன் இல்லை. மாதக் கடைசிக்குள் "டார்கெட்" முடிக்கவில்லை என்றால் அவன் கழுத்துக்குக் கத்தி. நேர்மையாக நடக்கும் டீலர்களும் இருக்கிறார்கள். அப்படி இருக்கும்போது மற்றவர்களுக்கு என்ன தயக்கம்? வரி எவ்வளவு, இன்சூரன்ஸ் எவ்வளவு, தங்களுக்கு எவ்வளவு என்று வாசலிலேயே போர்டு எழுதி வைக்கட்டுமே! அதிகாரிகளும் அவ்வப்போது ஷோரூம்களுக்குள் நுழைந்து கொட்டேஷனை வாங்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் அம்பாசடருக்கும் பியட்டுக்கும் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அப்போது பேரம் பேச வழி இல்லை. இப்போது ஒரு கடை இல்லாவிட்டால் இன்னொரு கடை. இரண்டு மூன்று இடங்களில் எழுத்து மூலம் விலை வாங்கிப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

பேரம் பேசுவதில் வெட்கம் என்ன? அது பல ஆண்டு உழைப்பில் சேர்த்த பணம். அந்த வீட்டம்மாவைப் போல, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து "இது எதுக்கு?" என்று கேட்டாலே போதும். பாதி வரிகள் தானாக அழிந்துவிடும்!