மாத்தேரான் உட்பாதைகளை மண்பாதைகளாகவே காக்கக் கோரும் மனு

பெறுநர்: மாத்தேரான் பாதைகளின் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரிகள்

பொருள்: நடப்போரும் குதிரைகளும் சேர்ந்து செல்லும் உட்பாதைகளில் பேவர் பிளாக் பதிக்காதிருத்தல் – தொடர்பாக.

பார்வை: 1. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சக அறிவிக்கை, நாள் 4.2.2003. 2. உச்ச நீதிமன்ற உத்தரவு, நாள் 6.8.2025. 3. எங்கள் முந்தைய கடிதங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தாராவி, மாட்டுங்கா, செம்பூரிலிருந்து கர்ஜத் லோக்கலில் நேரல் வந்து மலையேறும் தமிழர்களின் சங்கம் எங்களுடையது.

பார்வை 3-இல் கண்ட கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. பெற்றுக்கொண்டதற்கான முத்திரை மட்டுமே எங்கள் கோப்பில் உள்ளது. எனவே அவற்றில் எழுதியதையே மீண்டும் எழுதுகிறோம்.

மாத்தேரானும் சுற்றுப்பகுதியுமாக 214.73 சதுர கிலோமீட்டர் 2003-இல் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவிக்கப்பட்டது. வெளியூர் வண்டிகளெல்லாம் ஊரின் நுழைவிடமான தஸ்தூரி நாகாவோடு நின்றுவிடுகின்றன. கைரிக்‌ஷாவை ஆறு மாதத்தில் நிறுத்தி இ-ரிக்‌ஷா கொண்டுவர வேண்டும் என்ற, பார்வை 2-இல் கண்ட உச்ச நீதிமன்ற உத்தரவை முழுமனதோடு வரவேற்கிறோம். மனிதனை மனிதன் இழுக்கும் கொடுமை என்றோ ஒழிந்திருக்க வேண்டும்.

அதே உத்தரவு பாதையைப் பற்றியும் பேசுகிறது. தஸ்தூரி நாகாவிலிருந்து சிவாஜி சிலை வரை பேவர் பிளாக் பதிக்கலாம். அடியில் கான்கிரீட் தளம் கூடாது. உட்பாதைகளில் பேவர் பிளாக்கே கூடாது. இதைவிடத் தெளிவாக ஒரு நீதிமன்றம் சொல்ல முடியாது. எக்கோ பாயிண்ட், லூயிசா பாயிண்ட், சார்லட் ஏரிக்குச் செல்லும் பாதைகள் உட்பாதைகள் அல்ல என்று யாரேனும் கருதினால், அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்.

மழையில் நனைந்த பேவர் பிளாக் கல்லில் குதிரையின் இரும்பு லாடம் பிடிப்பதில்லை. பின்னங்கால் வழுக்கியதும் குதிரைக்காரர் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, ஓரத்துச் செம்மண்ணுக்கு இழுக்கிறார். அந்த ஓரத்தில்தான் குழந்தைகளும் முதியோரும் நடக்கிறார்கள். அகலமான மண்பாதையில் குதிரைக்கும் நடப்போருக்கும் இடமுண்டு; கல் பதித்தபின் மிஞ்சும் ஒரு முழ ஓரத்துக்கு இரு தரப்பும் முட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. விழுந்த குதிரையின் கால் முறிந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே போய்விடும்.

மழை மண்ணை அரிக்கிறது என்பதை மறுக்கவில்லை. அதற்குப் பாதையோர வடிகாலைத் தூர்வாருங்கள். சரிவுகளில் குறுக்கே செம்பாறைக் கற்களை நட்டு, நீரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். அரித்த இடத்தில் செம்மண் கொட்டிக் கெட்டிப்படுத்துங்கள். இவை ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலைகள். ஒருமுறை கல் பதித்துக் கணக்கை முடித்துவிடுவது பராமரிப்பு ஆகாது.

மேலும், குதிரைச் சாணத்தை அன்றாடம் அகற்றவும், குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி அமைக்கவும், நடப்போர் குதிரைக்கு வழிவிட வேண்டும் என மராத்தி, இந்தி, ஆங்கிலத்தில் பலகை வைக்கவும், மலை சைக்கிள் செல்லத்தக்க பாதை எது, தகாதது எது என அறிவிக்கவும் வேண்டுகிறோம்.

உட்பாதைகளில் பேவர் பிளாக் பதிக்கும் திட்டம் ஏதும் இருந்தால், அதன் வரைபட நகலையும் இம்மனுவுக்கான பதிலையும் அடுத்த மழைக்காலத்துக்கு முன் எழுத்துமூலம் அளிக்கக் கோருகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்