வறண்ட ஆற்றங்கரையில் நிலம் வாங்கலாமா?

கேள்வி: காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருக்கிறோம். ஒரத்துப்பாளையம் பக்கம், நொய்யல் கரையில் 2 ஏக்கர் விலைக்கு வருகிறது. ‘ஆறே வறண்டு கிடக்கிறது, வெள்ளப் பயம் இல்லை’ என்கிறார் தரகர். நம்பி வாங்கலாமா?
- ஒரு வாசகர், திருப்பூர்.

பதில்: தரகர் காட்டுவது கோடைக்கால நொய்யலை. மழைக்கால நொய்யலைத் தெரிந்துகொண்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் துணையாறு நொய்யல். இதில் வெள்ளம் இரண்டு வழிகளில் வரும். தென்மேற்குப் பருவமழையில் வருவது மலைத் தண்ணீர். அது பல அணைக்கட்டுகளையும் கோவைக் குளங்களையும் தாண்டி வருவதால் சுதாரிக்க நேரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வருவது உள்ளூர் மழைத் தண்ணீர். நல்லாறு, ஜம்மனை ஓடை, சங்கிலிப்பள்ளம் போன்றவை ஒரே இரவில் பெருகி ஆற்றில் கொட்டும். 2011 நவம்பரில் திருப்பூர் ஓடைக்கரை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது இப்படித்தான்.

ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரை அரிபடும். உள்பக்கத்தில் மணல் சேரும். நிலம் எந்தப் பக்கம் என்று நடந்து பார்க்க வேண்டும். புலப்படத்தை வைத்து நில அளவையர் மூலம் அளந்தால், பட்டா நிலம் எது, ஆற்றுப் புறம்போக்கு எது என்று தெரிந்துவிடும். பழைய வெள்ளம் எதுவரை ஏறியது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்பதும் அவசியம்.

அந்தப் பகுதியில் வெள்ளத்தைவிடப் பெரிய கவலை உப்பு. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. கழிவை வெளியேற்றும் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் நிலத்தடியில் இறங்கிய உப்பு சீக்கிரம் போகாது.

எனவே கிணற்று நீரைக் கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை பரிசோதிக்க வேண்டும். கூடவே மண்ணையும் கொடுக்கலாம். நீரின் மின்கடத்துத்திறன் (இ.சி.) 0.7-க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் காய்கறியை நம்பி அந்த நிலத்தை வாங்கக் கூடாது. காங்கயம் பக்கத்துக் கொறங்காடு போல, மழையை மட்டும் நம்பிக் கொழுக்கட்டைப்புல் வளர்த்து ஆடு, மாடு மேய்க்கலாம். விலையும் அதற்கேற்றபடி குறைய வேண்டும்.