வெள்ளைப் பிரம்புக்கு வழி வேண்டும்



ஒக்டோபர் 15ஆம் திகதி உலக வெள்ளைப் பிரம்பு தினம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்த நாளையொட்டி ஊர்வலம், கலை நிகழ்ச்சி, கருத்தரங்கு எனப் பார்வையற்றோர் ஒன்றுகூடுவது வழக்கம். மலையகத் தோட்டங்களிலும் அந்த நாளைத் தொழிலாளர் நாளாகவே கொள்ள வேண்டும் என்பது எமது கருத்து. கண் பார்வை என்பது எமக்குக் கூலியோடும் பேரோடும் கட்டுண்ட விடயம்.

முதலில் வடக்கைப் பார்ப்போம். சுன்னாகத்தில் வாழ்வகம் இருக்கிறது. போர் நடந்த காலத்திலே, தாமும் பார்வையற்றவரான அன்னலட்சுமி சின்னத்தம்பி அம்மையார் தொடங்கிய இல்லம் அது. அங்கு தங்கும் பிள்ளைகள் ஏனைய பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருந்து படிக்கிறார்கள். கைதடியில் நவீல்ட் பாடசாலை செவிப்புலன், பார்வை குறைந்த பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கிறது. இத்தகைய இடங்களில் படித்து வந்தவர்கள் மேடையில் பாடுகிறார்கள். பாடுவதோடு நிற்காமல் தமக்கு என்ன வேண்டும் என்றும் பேசுகிறார்கள். பாதிக்கப்பட்டவர் தாமே அமைப்பாகத் திரண்டு தமக்காகப் பேசுவது தொழிற்சங்கத்துக்குப் புதிய பாடமல்ல. எமது சங்கமும் அப்படித்தானே பிறந்தது!

ஆனாலும் ஒரு நிகழ்ச்சி நன்றாக நடந்ததா என்பதை மண்டபத்துக்குள் வைத்து அளக்க முடியாது. நெல்லியடியை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதியில் உள்ள வடமராட்சியின் கடைத்தெரு அது. சந்தை, வங்கி, பாடசாலை எல்லாவற்றுக்கும் சனம் அங்கேதான் வரும். விழாவில் பொன்னாடை போர்த்தப்பட்ட ஒருவர் மறுநாள் காலை வெள்ளைப் பிரம்போடு நெல்லியடிச் சந்தியில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த பஸ் வருகிறது என்று கொண்டக்டர் சத்தமாகச் சொல்கிறாரா? நடைபாதையில் சாமான் பரப்பாமல் கடைக்காரர் வழி விடுகிறாரா? பிரம்பைக் கண்டதும் முச்சக்கரவண்டி நிற்கிறதா? வங்கியில் அவருடைய கணக்கை அவரிடமே பேசுகிறார்களா, கூட வந்தவரிடம் பேசுகிறார்களா? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்தான் விழாவின் பெறுபேறு.

இதே கேள்வியைத் தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள். லயத்து வாசலில் இருந்து பீலிக்கரைக்குப் போகும் பாதையில் கைபிடி உண்டா? திறந்த கானுக்கு மூடி உண்டா? மழை நாளில் கண் தெரிந்தவரே வழுக்கி விழும் படிக்கட்டில் கண் தெரியாத பாட்டி எப்படி இறங்குவார்? அவர் இறங்குவதில்லை. லயத்துக் காம்பிராவுக்குள்ளேயே இருந்து விடுகிறார். வெளியே வராதவரை ஊர் மறந்து விடுகிறது.

இன்னொரு விடயம் நேரடியாகக் கூலியைத் தொடுகிறது. வயது ஏற ஏறக் கண்ணில் பூ விழுகிறது. நீரிழிவு இருந்தால் உட்கண்ணும் பாதிக்கப்படுகிறது. இவை ஒரே நாளில் வருவதில்லை. கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு முதலில் இளங்கொழுந்துக்கும் முற்றல் இலைக்கும் வித்தியாசம் மங்குகிறது. கை தயங்குகிறது, நிறை குறைகிறது. மேற்பார்வைக்காரர் கண்ணைப் பற்றி விசாரிப்பதில்லை. "கொழுந்து சரியில்லை" என்று ஏசுகிறார், அரைப் பேர் விழுகிறது. நோயாளி சோம்பேறி ஆக்கப்படுகிறார். கவ்வாத்து வெட்டும்போது தெறிக்கும் சிம்பு, மருந்து அடிக்கும்போது காற்றில் திரும்பி வரும் தூறல், விறகடுப்புப் புகை எல்லாம் கண்ணைத்தான் தேடி வருகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உண்டு. அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேருடைய குறைபாடு தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாதது. ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு கண்புரைச் சத்திரசிகிச்சை பலருக்குப் போதும். அந்தச் சத்திரசிகிச்சை அரசாங்க வைத்தியசாலைகளில் நடக்கிறது. எமது ஆட்களுக்கு அங்கே போக ஒரு நாள் கிடைப்பதில்லை. போனால் பேர் போய்விடும் என்ற பயம்.

பார்வையற்றோர் எழுத்தைத் தந்த லூயி பிரெயில் 1809இல் பிரான்சில் ஒரு தோல் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். தகப்பனின் பட்டறையில் இருந்த கூரான கருவி குத்தி மூன்று வயதில் கண்ணை இழந்தார். பதினைந்தாவது வயதில் ஆறு புள்ளி எழுத்து முறையை உருவாக்கினார். தொழில் செய்யும் இடத்தின் ஆபத்து வீட்டுப் பிள்ளைக்கும் வரும் என்பதையும், படிக்க வாய்ப்புக் கிடைத்தால் அந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் போகும் என்பதையும் அவருடைய கதை சொல்கிறது.

சட்டம் எம் பக்கம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலையிலும் கல்வியிலும் அங்கவீனத்தைக் காரணம் காட்டிப் பாரபட்சம் செய்வதைத் தடுக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வரக்கூடிய வசதி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2009இல் உயர் நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. வேலையில் கண்ணுக்குக் காயம் பட்டால் 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கோரிக்கை வைக்கலாம். நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலை செய்ய இயலாமல் போய் வேலையை விட்டவர், மருத்துவச் சான்றோடு தமது ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டுப் பெறலாம். கேட்காதவருக்கு இவை எதுவும் வீடு தேடி வராது.

ஆகவே தோட்டக் கமிட்டிகளும் மாதர் சங்கங்களும் இவ்வருட ஒக்டோபருக்கு முன் இந்தக் கோரிக்கைகளைக் கையில் எடுக்க வேண்டும்:

ஒன்று, வருடத்துக்கு ஒரு தடவை தோட்டத்திலேயே கண் பரிசோதனை. அந்த நாளுக்கு முழுப் பேர்.

இரண்டு, பார்வை மங்கியவருக்கு ஏச்சுக்கும் அரைப் பேருக்கும் பதிலாக மாற்று வேலை.

மூன்று, மருந்து அடிப்பவருக்கும் கவ்வாத்து வெட்டுபவருக்கும் கம்பனிச் செலவில் கண் காப்புக் கண்ணாடி.

நான்கு, பார்வையற்றவர் வசிக்கும் லயத்துப் பாதைக்குக் கைபிடியும் கானுக்கு மூடியும்.

ஐந்து, பார்வைக் குறைபாடுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடசாலை. பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோரிடம் தோட்டத் தலைவரும் தலைவியும் நேரில் பேச வேண்டும்.

விழா வைப்பதானால் அதுவும் முறையாக இருக்கட்டும். பொதி கொடுத்துப் படம் எடுப்பதோடு முடிந்தால், வாங்கியவர் மறுநாளும் அதே காம்பிராவுக்குள்தான் இருப்பார். பார்வையற்றவரே தலைமை தாங்கட்டும். அவர் பேசட்டும், துரையும் நாங்களும் கீழே இருந்து கேட்போம். வடக்கில் இருந்து அனுபவம் உள்ளவர்களை அழைப்போம். பிரம்பைப் பிடித்து நடக்கும் பயிற்சியை எமது ஆட்களுக்கு அவர்கள் சொல்லித் தரட்டும்.

2024 நவம்பரில் சுகத் வசந்த டி சில்வா தேசியப் பட்டியல் மூலம் நாடாளுமன்றம் சென்றார். இலங்கையில் பார்வையற்ற ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினரானது அதுவே முதல் தடவை. 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி பார்வையற்ற வாக்காளர் தகுதிச் சான்றிதழ் பெற்று, தாம் நம்பும் ஒருவரை உதவிக்கு அழைத்துச் சென்று வாக்களிக்கலாம். தோட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முதல் வேலையாக, லயம் லயமாகப் போய்ப் பார்வை குறைந்தவர்களின் பெயரை எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பட்டியலோடு நிர்வாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் போவோம்.