இடிச்சிடுவாங்களா தம்பி?

"சிவில் படிக்கிறீங்களா? அப்போ சொல்லுங்க, இந்த பில்டிங்கை இடிச்சிடுவாங்களா தம்பி?"

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக வடசென்னையில் ஒரு பழைய ஹவுசிங் போர்டு குடியிருப்புக்குப் போனோம். வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா கேட்ட கேள்வி இது. நாலு வருஷம் படிச்சும் டக்குனு பதில் வரல.

போகும்போது நான் 'இடிக்கக் கூடாது' கட்சி. ரீபவுண்ட் ஹேமர் வைத்துத் தட்டினோம், ரீடிங் நல்லாவே வந்தது. செம சந்தோஷம். அப்புறம் அக்கா வீட்டு பீமில், பூச்சு விழுந்து கம்பி தெரிந்த இடத்தில் கொஞ்சம் புதுசாக உடைத்து ஃபீனால்ஃப்தலீன் தெளித்தோம். நல்ல கான்கிரீட் என்றால் பிங்க் ஆகணும். கம்பி வரைக்கும் நிறமே மாறல. கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றும் காரத்தன்மை போயே போச்சு. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடின் வேலை. கொடுமை என்னன்னா, அதே கார்பனேஷன் மேல்பரப்பைக் கெட்டியாக்கிவிடும். ஹேமர் ரீடிங் அவ்வளவு அழகா வந்ததே அதனாலயும் இருக்கலாம்!

2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் இருந்த பிளாக் சரிந்தது. 1993-ல் கட்டியது, என்னைவிடப் பத்து வயசுதான் பெரிசு. விரிசலைப் பார்த்து மக்கள் முன்னாடியே வெளியே வந்ததால் உயிர் தப்பினார்கள்.

அதனால் இடிக்கவே கூடாதுன்னு இப்போ சொல்ல மாட்டேன். ஆனா இடிச்சா அக்கா எங்கே போவார்? விடியற்காலையில் கோயம்பேடு போய் பூ வாங்கி, தெருமுனையில் விற்கிறவர். பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தால் அந்த வியாபாரம் அன்றைக்கே முடிஞ்சது. புதுசுன்னா பாதுகாப்புன்னும் இல்லை. அதே 2021-ல் புளியந்தோப்பில் கை வைத்தாலே பூச்சு உதிர்ந்த புது அடுக்குமாடியை எல்லாரும் டிவியில் பார்த்தோம்தானே?

என் கருத்து: ஒரு டெஸ்டை நம்பி முடிவெடுக்காதீங்க. பிளாக் பிளாக்காப் பாருங்க. பைப் ஒழுகல்தான் பிரச்சினைன்னா அதைச் சரி பண்ணுங்க. ரிப்போர்ட்டைத் தமிழில் படிக்கட்டுச் சுவரில் ஒட்டுங்க. இடிச்சே ஆகணும்னா, அதே இடத்தில் வீடு, அதுவரைக்கும் வாடகைன்னு எழுத்தில் கொடுத்துட்டு அப்புறம் காலி பண்ணச் சொல்லுங்க.

எங்க ரிப்போர்ட்டை கைடு மூலம் உரிய ஆபீஸுக்கு அனுப்பிட்டோம். கிளம்பும்போது, "அந்த பீமுக்குக் கீழ படுக்காதீங்க அக்கா" என்றேன்.

சிரித்தார். "மொத்த வீடே பத்துக்குப் பத்து தம்பி. வேற எங்க படுக்கிறது?"