கோப்பை ஒன்றே அளவுகோலா?

கோப்பை வென்றவரே பெருவீரர் என்னும் வாதம், கிரிக்கெட் பருவம் வந்தால் எங்கள் கார்வேட்டிநகரத்துத் தேநீர்க் கடைகளிலும் தவறாமல் எழுகிறது. அணியின் முடிவைக் கொண்டு தனிவீரரின் பெருமையை அளப்பது நேர்மையான கணக்காகுமா?

1999 ஜனவரி, சேப்பாக்கம் டெஸ்ட். பாகிஸ்தானை வெல்ல இந்தியாவுக்குத் தேவை 271 ஓட்டங்கள். 82 ஓட்டங்களுக்குள் 5 விக்கெட்டுகள் சரிந்த நிலையில், முதுகுவலியுடன் போராடிய டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் குவித்தார். மோங்கியா 52 எடுத்துத் துணைநின்றார். இன்னும் 17 ஓட்டங்களே தேவை என்றபோது டெண்டுல்கர் ஆட்டமிழந்தார். எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் 4 ஓட்டங்களுக்குள் வீழ்ந்தன. இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது.

2011 ஏப்ரல் 2, மும்பையில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. அதே டெண்டுல்கர் எடுத்தவை 18 ஓட்டங்கள். கோப்பையோ கைக்கு வந்தது. முடிவே அளவுகோலெனில், 136-ஐவிட 18 உயர்ந்ததாகிவிடும்!

அன்றைய அணித்தலைவர் தோனியின் கணக்கையும் பிரித்தே எழுதவேண்டும். இறுதிப் போட்டியில் கம்பீர் எடுத்த 97, தொடர் முழுவதும் ஜாகீர் கான் வீழ்த்திய 21 விக்கெட்டுகள், யுவராஜின் 362 ஓட்டங்களும் 15 விக்கெட்டுகளும் அவரவர் வரவு. யுவராஜுக்கு முன்னதாகக் களமிறங்கிய துணிவும், ஆட்டமிழக்காமல் எடுத்த 91 ஓட்டங்களும் தோனியின் வரவு.

கூட்டு வணிகத்தில் இலாபம் பொதுவானது. ஆயினும் ஒவ்வொரு பங்காளியின் முதலும் தனிக்கணக்கிலேயே பதிவாகிறது. அலுவலகத்திலும் கடையிலும் நம்முடன் உழைப்போரை மதிப்பிடுமுன் இரண்டு வினாக்களைக் கேட்போம்: எந்த நிலையில் பொறுப்பேற்றார்? தம் கைக்கு எட்டியதை எவ்வளவு செய்தார்?