செத்த குரங்கு சொன்ன சேதி

ஆனைமலை மாசாணியம்மனைத் தரிசித்துவிட்டு, ஆழியாறு அணையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்படியே குரங்கருவியில் ஒரு குளியலும் போட்டுவிட்டுத் திரும்புவது என்றால் கோயமுத்தூர், பொள்ளாச்சிக் குடும்பங்களுக்கு அது ஒரு நாள் திருவிழா. கூடையில் புளியோதரையும் வாழைப்பழமும் இல்லாமல் இந்தப் பிரயாணம் கிடையாது. அந்தப் பழத்தில் பங்கு கேட்க வேண்டியவர்கள் அருவிக் கரையிலேயே காத்திருப்பார்கள். குழந்தை கையை நீட்டும், குரங்கு வாங்கிக்கொள்ளும், அப்பா படம் பிடிப்பார், அம்மா, "ஆஞ்சநேயர் கண்ணு, கும்பிட்டுக்கோ!" என்பாள்.

பக்தி இருக்கட்டும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் குரங்குக்கும் நமக்கும் உள்ள உறவு ராமாயணத்தோடு முடிந்துவிடவில்லை, நேயர்களே! உடலமைப்பில் அது நமக்கு நெருங்கிய பந்து. அதனால் அதன் உடம்பில் குடியேறும் கிருமிகளில் சில, வாடகை பேசாமலே நம் உடம்பிலும் குடியேறிவிடும். நம்முடையவை அங்கே போவதும் உண்டு.

இதை நம் நாட்டுக்கு நன்றாக உணர்த்திய வருஷம் 1957. அப்போதைய மைசூர் ராஜ்யத்து ஷிமோகா ஜில்லாவில், கியாசனூர் என்ற காட்டை அடுத்த கிராமங்களில் ஜனங்களுக்குத் திடீரென்று கடும் ஜுரம் கண்டது. தலைவலி மண்டையைப் பிளக்கும். உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலிக்கும். சிலருக்கு மூக்கிலும் ஈறுகளிலும் ரத்தம் கசியும். அதே சமயத்தில் காட்டில் குரங்குகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. ஊர் ஜனங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டு, "மங்கன காயிலெ" என்று பெயர் வைத்தார்கள். கன்னடத்தில் அதற்குக் குரங்கு வியாதி என்று அர்த்தம்.

பூனாவில் 1952-ல் தொடங்கப்பட்ட வைரஸ் ஆராய்ச்சி நிலையத்துக்குச் செய்தி எட்டியது. இன்று புணேயில் தேசிய வைராலஜி நிலையம் என்று நாம் அறிவது அதுதான். அங்கிருந்த விஞ்ஞானிகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் தெரியுமா? தென் அமெரிக்கக் காடுகளில் குரங்குகள் கூட்டமாகச் செத்தால், மஞ்சள் ஜுரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்தியாவில் அந்த ஜுரம் அதுவரை வந்ததே இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசுவோ நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் தாராளமாக வளர்கிறது. அது மட்டும் நுழைந்திருந்தால்!

டாக்டர் டெல்போர்டு வொர்க்கின் தலைமையில் ஆராய்ச்சியாளர்கள் காட்டுக்குள் போனார்கள். இறந்த குரங்குகளின் உறுப்புகளிலிருந்து சாறு எடுத்து எலிக்குஞ்சுகளுக்கு ஊசி போட்டார்கள். குஞ்சுகள் நோயுற்றன. கிடைத்த வைரஸைப் பரீட்சித்தால், அது மஞ்சள் ஜுரம் அல்ல! ரஷ்யக் காடுகளில் மூளைக் காய்ச்சலை உண்டாக்கும் ஒரு வைரஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் உலகம் அதுவரை கண்டறியாத புதிய வைரஸ். ஜுரக்காரர்களின் ரத்தத்திலும் அதுவே இருந்தது. காட்டின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

பரப்பியது யார்? கொசு அல்ல, உண்ணி. மாட்டின் காதில் பார்த்திருப்பீர்களே, அந்த வம்சம். காட்டு எலி, மூஞ்சூறு போன்ற சின்னப் பிராணிகளுக்கும் உண்ணிகளுக்கும் இடையே இந்த வைரஸ் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். குரங்கைக் கடித்தால்தான் விபரீதம். அது நோயுற்று இறந்து விழும். செத்த உடம்பில் உண்ணிக்கு வேலையில்லை; இறங்கி, வேறு ஆளைத் தேடிப் புல்லிலும் சருகிலும் காத்திருக்கும். மார்கழியிலிருந்து சித்திரை வரையிலான வறண்ட மாதங்களில் கடுகைவிடச் சிறிய இளம் உண்ணிகள் ஏராளம். விறகு பொறுக்கவும் தொழுவத்துக்குச் சருகு அள்ளவும் அப்போது காட்டுக்குள் போகிறவர்கள் யார்? பெரும்பாலும் ஏழை வீட்டுப் பெண்கள்தான்!

ஆக, குரங்கு இந்தக் கதையில் குற்றவாளி அல்ல. நம்மைப்போலவே அகப்பட்டுக்கொண்ட அப்பாவி. நமக்கு முன்னால் செத்து, "ஜாக்கிரதை!" என்று தந்தி அடிக்கிற தூதன். அனுமார் வம்சத்துக்குத் தூது புதிதா என்ன? கர்நாடகத்தில் சுகாதார இலாகாவினர் இன்றும் குரங்கு செத்த செய்தி வந்தால், அந்த வட்டாரத்தை உஷார்ப்படுத்துகிறார்கள்.

"ஷிமோகா எங்கே, நம் ஊர் எங்கே?" என்கிறீர்களா? மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஜில்லா எல்லை தெரியாதே! 2012-ன் இறுதியில் பந்திப்பூர்க் காட்டில் இந்த நோய் தலைகாட்டியது. அதே பருவத்தில் நம் நீலகிரி மாவட்டத்தில் இறந்த குரங்கிடமும் வைரஸ் இருப்பது தெரிந்தது. 2015-ல் கேரளத்து வயநாட்டில் பலருக்குக் கண்டது. இதற்கென்று தனி மருந்து கிடையாது. தக்க கவனிப்பு இருந்தால் மிகப் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறப்பதும் உண்டு. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதில்லை என்பது பெரிய ஆறுதல்.

பயந்துபோய்க் குரங்கின்மேல் கல்லெடுக்கக் கூடாது. 2017-ல் பிரேஸில் நாட்டில் மஞ்சள் ஜுரம் பரவியபோது, ஜனங்கள் பீதியில் குரங்குகளை அடித்துக் கொன்றார்கள். நோய் பரப்பியது கொசு. அடிபட்டதோ எச்சரிக்கை மணி! மணியை உடைத்துவிட்டால் திருடன் வருவது எப்படித் தெரியும்?

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. வால்பாறையில் புதுத்தோட்டம் பக்கம் போனவர்கள் சிங்கவால் குரங்கைப் பார்த்திருப்பீர்கள். கறுத்த முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. வால் நுனியில் குஞ்சம். உலகத்தில் இந்த மேற்கு மலைகளைத் தவிர வேறு எந்தக் காட்டிலும் இது கிடையாது. எஞ்சியிருப்பவை சில ஆயிரமே. மரத்தைவிட்டு இறங்காத இந்த ஜாதி, இப்போது வீட்டுக் கூரைக்கும் குப்பைத் தொட்டிக்கும் வருகிறது. நாம் கடித்துப் போட்ட பண்டத்தோடு நம் சளியும் இருமலும் அதற்குப் போய்ச் சேரலாம். நமக்கு மூன்று நாள் படுக்கை. அதன் சிறிய கூட்டத்துக்கோ பேராபத்து.

ஆகவே சில விஷயங்களை நினைவில் வையுங்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். அதைவிட அதற்குச் செய்யும் புண்ணியம் வேறில்லை. காட்டோரம் போகும்போது கையும் காலும் மூடிய உடை நல்லது. திரும்பியதும் குழந்தைகளைக் குளிப்பாட்டி, காதின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சளையும் சுண்ணாம்பையும் தேடாமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வெறிநாய்க் கடிக்குப் போடும் ஊசி இதற்கும் தேவைப்படும். காட்டுக்குப் போய்வந்து சில நாட்களில் கடும் ஜுரம் கண்டால், போய்வந்ததையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

செத்த குரங்கைக் கண்டால் தொடாதீர்கள். மாலை போட்டு அடக்கம் செய்யும் நல்ல மனம் நம்மவருக்கு உண்டு. ஆனால் அந்த உடம்பிலிருந்து இறங்கும் உண்ணிக்குப் பக்தர் யார் என்று தெரியாது. எட்ட நின்று கும்பிட்டுவிட்டு, வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

யாராவது இதைக் "குரங்கால் வந்த வியாதி" என்று சொன்னால், "குரங்குக்கும் வந்த வியாதி" என்று திருத்திவிடுங்கள். அந்தச் சின்ன வித்தியாசத்தில் எத்தனையோ உயிர்கள் பிழைக்கும்.