அமைதியான பிள்ளையும் கேள்வி கேட்கும் பிள்ளையும்





"பெரியவள் கர்த்தருடைய பிள்ளை, பாஸ்டர். சின்னவனுக்காகத்தான் ஜெபிக்க வேண்டும்." ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கும் பெற்றோரிடமிருந்து இவ்வார்த்தைகளைக் கேளாத போதகர் இருக்கமாட்டார். காரணத்தை விசாரித்துப் பாருங்கள். பெரியவள் சொன்ன இடத்தில் உட்காருவாள். சின்னவன் எதிர்க்கேள்வி கேட்பான். பெரும்பாலும் அவ்வளவுதான். ஒரே வீட்டில், ஒரே குடும்ப ஜெபத்தில் முழங்காற்படியிட்டு வளரும் பிள்ளைகளின் சுபாவ வேறுபாட்டை விசுவாச வேறுபாடாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அது பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதி என்பது என் துணிபு.

இதற்கு நம் ஊரோடு தொடர்புடைய ஒரு குடும்பத்தின் சரித்திரமே சாட்சி. மரீன் வீதி ஆசிரமத்தை அறியாத புதுச்சேரிவாசி இல்லை. 1910 ஏப்ரலில் இங்கு வந்து, 1950 டிசம்பரில் இங்கேயே மறைந்த அரவிந்தரின் போதனைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. அவர் சிறுவராயிருந்த காலத்தில் ஒரு போதகரின் வீட்டில் வளர்ந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1879இல் வங்காளத்து மருத்துவர் கிருஷ்ணதன் கோஷ் தம் மூன்று புதல்வரையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று, மான்செஸ்டர் நகரில் வில்லியம் ட்ரூவெட் என்னும் போதகரிடம் ஒப்படைத்தார். மூத்தவர் பினய்பூஷண், அடுத்தவர் மன்மோகன், ஏழு வயதும் நிறையாத இளையவரே அரவிந்தர். ட்ரூவெட் காங்கிரிகேஷனல் சபையைச் சேர்ந்தவர். நம் தேசத்துக்கு லண்டன் மிஷனரிமாரை அனுப்பிய அதே சபை மரபு அது. பிள்ளைகளுக்கு மதபோதனை வேண்டாம், வளர்ந்தபின் அவர்களே தெரிந்துகொள்ளட்டும் என்று தகப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் போதகரின் வயதான தாயாருக்கு அந்தப் பிள்ளைகளின் ஆத்துமாவைக் குறித்த பாரம் இருந்தது. அந்தப் பாரத்தை நான் குறைவாகப் பேசமாட்டேன்.

அரவிந்தருக்கு ஏறக்குறையப் பத்து வயதிருக்கையில் அம்மூதாட்டி அவரை ஒரு போதகர் கூடுகைக்கு அழைத்துச் சென்றார். கூட்டம் முடிந்தபின் ஒரு போதகர் சிறுவனிடம் வந்து சில கேள்விகள் கேட்டார். சிறுவன் வாய் திறக்கவில்லை. உடனே, "இரட்சிக்கப்பட்டான்!" என்று அவர்கள் ஆர்ப்பரித்து, தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்தத் தொடங்கினார்கள். நடந்தது என்னவென்றே தமக்கு விளங்கவில்லை என்றும், தாம் சலிப்போடு உட்கார்ந்திருந்ததாகவும் பிற்காலத்தில் அரவிந்தரே தம் சீடர்களிடம் நினைவுகூர்ந்தார்.

சில ஆண்டுகளுக்குப்பின் லண்டனில் மூவரும் அதே மூதாட்டியுடன் வசித்தார்கள். நாள்தோறும் வேதவாசிப்பும் ஜெபமும் உண்டு. ஒரு நாள் மோசேயைப் பற்றிய பகுதி வந்தபோது, ஜனங்கள் மோசேக்குக் கீழ்ப்படியாமற்போனது சரிதான் என்று மன்மோகன் வெடுக்கென்று சொல்லிவிட்டார். மூதாட்டி கோபங்கொண்டு, நாத்திகனோடு ஒரே கூரையின்கீழ் இருந்தால் வீடு தன்மேல் இடிந்து விழும் என்று சொல்லி வெளியேறிவிட்டார். அப்பொழுது அரவிந்தர் என்ன செய்தார்? ஒன்றும் பேசவில்லை. ஆனால் உள்ளுக்குள் மிகுந்த நிம்மதியடைந்து, அண்ணனுக்கு நன்றி பாராட்டினாராம். அந்நாட்களில் தாம் பெரிய கோழை என்றும் ஒளியாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

சற்றே நின்று யோசியுங்கள். இருவர் உள்ளத்திலும் இருந்தது ஒரே எண்ணம். ஒருவன் வாய்விட்டான், நாத்திகன் என்று பெயரெடுத்தான். மற்றவன் மௌனமாயிருந்தான்; சிறுவயதில் அதே மௌனத்துக்காக அவனுக்கு ஸ்தோத்திர ஆராதனையே நடந்திருந்தது. பெரியவர்கள் இருவரையும் அறியவில்லை. பிற்காலத்தில் வாயாடிய மன்மோகன் ஆங்கிலக் கவிஞராகி, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் அமைதியாகப் பாடம் நடத்தினார். வாய் திறவாத தம்பியோ 1908இல் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் சிறைப்பட்டார். சிறுவயது சுபாவத்தை வைத்து இதை யார் கணித்திருக்கக் கூடும்?

வேதத்தில் இதற்கு ஒப்பான வீடுகள் உண்டு. ஈசாக்கின் கூடாரத்தில் அமைதியாய்த் தங்கியிருந்தவன் யாக்கோபு (ஆதியாகமம் 25). தகப்பனை வஞ்சித்தவனும் அந்த அமைதியான பிள்ளையே. மத்தேயு 21இல் ஆண்டவர் சொன்ன இரு குமாரரின் உவமையோ இன்னும் நேராக நம்மைத் தொடுகிறது. மாட்டேன் என்றவன் பின்பு மனம் மாறித் தோட்டத்துக்குப் போனான். மரியாதையாய் ஒப்புக்கொண்டவன் போகவில்லை. அந்தத் தகப்பன் இருவரிடமும் தனித்தனியே போய்ப் பேசினான் என்பதையும் கவனியுங்கள். அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று தம்பியிடம் சொன்னதாக அங்கே எழுதியிருக்கவில்லை.

ஆகையால் பெற்றோரே, ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களே, நன்னடத்தைக்கான பரிசை அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கே ஆண்டுதோறும் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நோவாவின் பேழையில் மீன்கள் எங்கே இருந்தன என்று கேட்கும் பிள்ளை, பாடத்தைக் கவனித்திருக்கிறான் என்பதாவது நிச்சயம். தலையசைக்கும் பிள்ளையிடம் தனியே உட்கார்ந்து, "உனக்கு எது புரியவில்லை?" என்று கேளுங்கள். பதில் உடனே வராது. சில பிள்ளைகளிடமிருந்து பதில் வர மாதங்கள் ஆகும். ஒழுங்கு கெட்டுவிடுமே என்று சிலர் அஞ்சுவார்கள். துடுக்குத்தனத்தைக் கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் கேள்விக்கு விடை சொன்னபின் கண்டியுங்கள்.

மூத்தவர் பினய்பூஷணைப் பற்றி இதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. சரித்திரமும் அதிகம் சொல்லவில்லை. மூதாட்டி வெளியேறியபின் தகப்பனிடமிருந்து பணம் ஒழுங்காக வராத நாட்களில், லண்டனில் ஒரு சங்க அலுவலகத்தில் வாரம் 5 ஷில்லிங் கூலிக்கு அவர் வேலை செய்தார். அந்தக் கட்டடத்திலேயே தம்பிமாரும் தங்கினார்கள். வாதாடவும் இல்லை, மௌனத்துக்காகப் புகழப்படவும் இல்லை. நம் சபைகளிலும் அப்படி ஒரு பிள்ளை உண்டு. கூடுகைக்கு முன்னே பாய் விரித்து, முடிந்தபின் சுருட்டி வைத்துவிட்டு, தம்பி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை. இந்த ஞாயிறு அவன் பெயரைக் கேட்டு வையுங்கள்.